காசு கொடுத்து மீன் பார்த்த கதை

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் ஆபீஸ் ஆசாமிகளை மூன்று ஜாதியாகப் பிரித்துவிடலாம். ஊட்டிக்குப் போகிறவர்கள் ஒரு ஜாதி. போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் இன்னொரு ஜாதி. மேனேஜர் போய்விட்டு வந்த இடத்துக்கே தானும் போய்க் காட்டவேண்டும் என்று வயிறெரிந்து கிளம்புகிறவர்கள் மூன்றாவது ஜாதி. என் நண்பன் ஆடிட்டர் மூன்றாவது.

ஆடிட்டர் என்றால் நிஜ ஆடிட்டர் இல்லை. தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வவுச்சருக்கு டிக் அடிக்கிறவன். பி.காமில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். நான் டெபிட், கிரெடிட் இரண்டையும் கைகழுவிவிட்டு இப்படிப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறேன். அவன் இன்னும் கழுவவில்லை. அவனுடைய மேனேஜர் அந்தமான் போய், முதுகில் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடியுமாகக் கடலுக்கடியில் நின்றுகொண்டு எடுத்த போட்டோவை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட, அன்றிலிருந்து ஆடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்களும் அந்தமானுக்கு பட்ஜெட் போட்டவர்கள்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்து போடுகிறோம். நாங்கள் போட்டு முடிப்பதற்குள் 2018-ல் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. இனி எந்த ஊர் பெயர் மாறுவதற்குள் போவது? கடைசியில் பாண்டிச்சேரி என்று முடிவாயிற்று. ஈ.சி.ஆரில் நூற்றைம்பது கிலோ மீட்டர். பஸ் போகும். அங்கேயும் ஸ்கூபா சொல்லித் தருகிறார்கள். தலைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.

இதை வீட்டில் சொல்லவேண்டுமே, அங்கேதான் சிக்கல். என் வீடு நொச்சிக்குப்பத்தில். நைனா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கட்டுமரத்தில் ஆரம்பித்து, 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் போட்டுக்கு மாறி, முழங்கால் மக்கர் பண்ணியதால் இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை பொத்துக்கொடுக்கிறார். அம்மாவுக்கு லூப் ரோடில், 2024 ஆகஸ்டில் திறந்தார்களே அந்த மீன் அங்காடியில் ஒரு கடை.

“இன்னாத்துக்குப் போற?”

“கடலுக்கு அடியில போய் மீன் பாக்கறதுக்கு, நைனா.”

“பாத்துட்டு?”

“வந்துடணும்.”

“புடிக்கக் கூடாதா?”

“தொடவே கூடாதாம்.”

“எவ்ளோ துட்டு?”

சொன்னேன். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“டேய், உங்கம்மா அங்க மீன் பாக்க வர்றவன் கையில துட்டு வாங்கிகினு கீறா. நீ துட்டு குடுத்து மீன் பாக்கப் போற. உனக்கு எவன்டா பி.காம். பாஸ் போட்டான்?”

நியாயமான கேள்வி. யூனிவர்சிடிதான் பதில் சொல்லவேண்டும்.

கொஞ்சநேரம் கழித்து அவரே கூப்பிட்டார். “சரி, போறதுதான் போற. நல்லாப் பாத்துகினு வா. நான் சொன்னதெல்லாம் கரீட்டா இல்லியான்னு வந்து சொல்லு.”

நைனா சொன்னது என்றால், கடலின் தரை. நாற்பது வருஷம் அதன்மேல் வலை போட்டவர், அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நூலில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி, விரலில் தட்டுகிற தினுசை வைத்தே சேறு, மணல், கல் என்று சொல்லிவிடுவார். லைட் ஹவுஸும் சாந்தோம் சர்ச் கோபுரமும் ஒன்றுக்கொன்று எப்படித் தெரிகிறது என்று பார்த்து, “இங்க கீழ பாரு கீது” என்பார். பார் என்றால் கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டு. மீன் அங்கேதான் கூடும். “பாருன்னா நம்ம குப்பம் மாதிரிதான்டா. சந்து, பொந்து, திண்ணை எல்லாம் இருக்கும். பொடிசெல்லாம் பொந்துல. பெருசெல்லாம் வெளிய நின்னு வேடிக்கை பாக்கும்.” பார்க்காமலே போட்ட படம். அதைச் சரிபார்க்க மகனை அனுப்புகிறார். ஒருவிதத்தில் நானும் ஆடிட்டுக்குத்தான் போனேன்.

பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டும்போது ஆடிட்டருக்கு ஒரு விஷயம் சொன்னேன். அந்த ஊர் மீனவர்கள் கடலுக்குள் இன்னும் கட்டடங்கள் கிடப்பதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்திலிருந்து வந்த குழு ஒன்றும் சேர்ந்து, மீனவர்கள் கைகாட்டிய இடத்தில் முங்கிப் பார்த்தார்கள். ஐந்திலிருந்து எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்களின் மிச்சம், செதுக்கிய கற்கள். “அப்ப சிலிண்டர் மாட்டினவன்தான் கண்டுபிடிச்சவனா?” என்றான் ஆடிட்டர். டிக் அடித்துப் பழகிய கை. சில சமயம் சரியான இடத்தில் அடித்துவிடுகிறது.

பாண்டிச்சேரியில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா, எனக்கு ஏதாவது ஆனால் யாரும் பொறுப்பல்ல. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆடிட்டர் பென்சிலை எடுத்து வரிவரியாகப் படித்து, ஏழாவது ஷரத்தும் பதினொன்றாவது ஷரத்தும் முரண்படுவதாகச் சொன்னான். பின்னால் க்யூ நின்றது.

அடுத்தது ரப்பர் உடுப்பு. உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கவேண்டுமாம். ஆடிட்டருக்கு அது முழங்காலோடு ஒட்டிக்கொண்டு அதற்கு மேல் வர மறுத்தது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்து ஏற்றி, ஜிப்பை இழுத்துவிட்டதும் அவன் குரல் அரைக்கட்டை உயர்ந்துவிட்டது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். நான் நொச்சிக்குப்பம் என்றதும் ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்துவிட்டது.

“அண்ணே, மீசை இருந்தா மாஸ்க் சரியா ஒட்டாது. தண்ணி கசியும். எடுத்துட்டீங்கன்னா நல்லது.”

பத்தாங்கிளாஸில் முளைத்தது. அரும்பிலிருந்து கூட இருக்கிற சிநேகிதம். எடுப்பதாவது!

“இல்லேன்னா வாசலைன் தடவிக்குங்க.”

தடவிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால், நெய்க் குடத்தில் வாயை விட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

பிறகு நீச்சல் குளத்தில் பாடம். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் நான் உள்பட எல்லோரும் நினைத்திருப்போம். இல்லை. நாம் இழுக்கிற சாதாக் காற்றையே வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற என்ஜினீயரும், நாம் இழுக்கும்போது மட்டும், இழுக்கிற அளவு மட்டும் காற்றுவிடும் வால்வைச் செய்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக கான்யான் செய்து வைத்திருந்த வால்வு. கொஞ்சம் மாற்றி மனுஷன் வாயில் வைத்தார்கள். (அதற்கு முன்பு முதுகில் ஒன்றும் இல்லாமல், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி முத்தெடுத்தவர்கள் நம்ம தூத்துக்குடிக்காரர்கள். அங்கே கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல்.)

பாடம் மூன்றே மூன்று. வாயால்தான் மூச்சு, மூக்குக்கு அன்று காஷுவல் லீவு. மூச்சை அடக்கவே கூடாது. பேச்சுக் கிடையாது, சைகைதான். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்தால் ‘நான் சௌக்கியம்’. கட்டைவிரலை மேலே தூக்கினால் ‘என்னை மேலே கொண்டுபோ’. இந்த இரண்டாவது சைகையை ஆடிட்டரிடம் நான்கு தடவை சொன்னார்கள். காரணம், அவன் குளத்தில் முதல் மூச்சு விட்டவுடன் சந்தோஷம் தாங்காமல் ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைத் தூக்க, தண்ணீருக்கு வெளியே இழுத்து வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவையும் தூக்கினான். இரண்டாவது தடவையும் வைத்தார்கள்.

ஒரு காமர்ஸ் விஷயமும் சொல்லித் தந்தார்கள். சிலிண்டரில் ஒரு மீட்டர் இருக்கிறது. ஆரம்ப இருப்பு 200 பார். ஐம்பதுக்கு முன்பே மேலே வந்துவிட வேண்டும். அது தொடக்கூடாத ரிசர்வ். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் செலவும் இரண்டு மடங்கு. இவ்வளவு தெளிவாக எனக்குக் கல்லூரியில் யாரும் பாலன்ஸ் ஷீட் சொல்லிக்கொடுத்ததில்லை.

மறுநாள் காலை படகு. சிலிண்டரும் ஆளுமாகக் கரையைத் தாண்டியதுமே ஆடிட்டர் காலையில் சாப்பிட்ட பொங்கல், வடை, இன்னொரு வடை எல்லாவற்றையும் அதே வரிசையில் கணக்கு ஒப்படைத்தான். என்னைக் கடல் சும்மா விட்டது. தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்திருக்கலாம்.

படகின் விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்து, மல்லாக்கச் சாயவேண்டும். விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் இதில் வீரம் அதிகம் தேவைப்படவில்லை. அப்புறம் கயிற்றைப் பிடித்து இறக்கம். ஒவ்வொரு மீட்டருக்கும் காதை யாரோ திருகுகிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் ‘டொப்’ என்று திறந்து வலி போகும். தம்பி என் முதுகுப் பட்டையைப் பிடித்தபடி கூடவே வந்தார். ஆடிட்டரை வேறொருவர் பிடித்திருந்தார்.

எட்டோ ஒன்பதோ மீட்டரில் ஆடிட்டரின் ரப்பர்த் துடுப்பு என் முகத்தில் ஓங்கி ஒன்று விட்டது. மாஸ்க் நகர்ந்து முழுக்க உப்புத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கில் ஏறுகிறது. வாயில் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்பு அதை நம்பவில்லை. ஒரே எண்ணம்: மேலே. எப்படியாவது மேலே. எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. என்னோடு கோலி விளையாடியவன் பெயர் ஒன்று அதில் உண்டு.

காலை உதைத்தேன். உடம்பு எழும்பவில்லை. தம்பி பிடியை விடவில்லை. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது மேலே வந்தபிறகுதான் உறைத்தது. பத்து மீட்டரில் நுரையீரலில் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் இரண்டு லிட்டராகிவிடும். நுரையீரல் என்ன பலூனா, விரிந்துகொண்டே போக? கிழிந்துவிடும். அதனால்தான் ஏறும்போது நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் கூடாது என்கிறார்கள். அவர் என் கையை எடுத்து மாஸ்க்கின் மேல் விளிம்பில் வைத்து அழுத்தினார். குளத்தில் செய்தது ஞாபகம் வந்தது. அண்ணாந்து, மூக்கால் ஊதினேன். தண்ணீர் அடிவழியே வெளியேறிற்று. கண்ணைத் திறந்தேன்.

சார், அங்கே ஒரு ஊர் இருந்தது.

கல்லும் சிமென்ட் உருளைகளும் போட்டு உண்டாக்கிய செயற்கைப் பார். சந்து, பொந்து, திண்ணை. பொடிசுகள் பொந்தில். ஒரு பெரிய களவா மீன், தெருமுனையில் பனியனோடு நிற்கிற பெரிசு மாதிரி, வெளியே நின்று என்னையே பார்த்தது. பாறை மீன் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் வெள்ளிக் கதவு மாதிரி திறந்து மூடிற்று. மற்றவர்களுக்கு இதைப் பார்த்தால் கவிதை வரும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விலைதான் வந்தது. அம்மாவின் பிள்ளை!

காதில் எங்கிருந்தோ கடுகு தாளிக்கிற சத்தம், நிற்காமல். ஒருவகை இறால் கொடுக்கைச் சொடுக்குவதாம். அதற்கு மேல் ஒரு மோட்டார் சத்தம். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்கு வேகத்தில் வருவதால் எந்தத் திசை என்றே தெரியவில்லை. மண்டைக்குள்ளேயே படகு ஓடுகிறது. நைனா இத்தனை வருஷம் போனபோது கீழே இருந்தவர்களுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்.

சங்கரா மீன் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. லூப் ரோடில் ரோஜாப்பூ நிறத்தில் கிடக்குமே, அது அங்கே அழுக்குக் கறுப்பு. சிவப்பு நிறந்தான் தண்ணீரில் முதலில் காணாமல் போகிறது. தம்பி டார்ச் அடித்ததும் சட்டென்று சிவந்தது. அணைத்தால் பழையபடி கறுப்பு.

இந்த இடத்தில் ஆடிட்டரும் அதைப் பார்த்து, உணர்ச்சிவசப்பட்டு, கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். திருப்பதியில் ஜருகண்டி சொல்வதற்குக்கூட ஒரு வினாடி ஆகும். அவனுக்கு அதுவும் இல்லை. காலும் கையும் ஆட்டிக்கொண்டே மேலே போனான்.

நானும் தம்பியும் மிஞ்சினோம். பாரின் மறுபக்கம் போனபோதுதான் வலை.

தங்கூசி நண்டு வலை. உருளைமேல் சுற்றிக்கொண்டு, பாதி மணலில் புதைந்து, பாதி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று நான்கு மீன் எலும்புகள். சதையோடு ஒன்று. காலெல்லாம் சிக்கி, கண்ணை மட்டும் ஆட்டிக்கொண்டு உயிரோடு ஒரு நண்டு. வீடியோ எடுக்க வந்த பையன் காமிராவை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தான்.

நான் பி.காம். கடைசி வருஷம் படிக்கும்போது நைனா வட்டிக்கு வாங்கி ஒரு நண்டு வலை போட்டார். நாலாவது நாள் கல்லில் மாட்டிக்கொண்டது. பாதாளக் கரண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் போய்த் துழாவினார். கயிற்றுத் துண்டுகூட வரவில்லை. அந்தத் தடவை என் பரீட்சைப் பணம் அம்மாவின் கம்மலிலிருந்து வந்தது. கம்மல் அடகுக்கடையிலிருந்து வரவேயில்லை. “கடலு எடுத்துக்கிச்சு. வுடு” என்று சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவர், பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும், எடுத்துக்கொண்டது என்றால் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கடல் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. நைலான் மக்குமா? கணக்கில் ரைட்-ஆஃப் பண்ணிய சரக்கு, கிடங்கில் கிடந்தபடி ராப்பகலாகத் தானே வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறது. வாங்க ஆளில்லாத மீனை வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு.

மீட்டர் எழுபதைக் காட்டியது. தம்பி கட்டைவிரலைத் தூக்கினார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தி, மெதுவாக மேலே. பின்னாலேயே பையன், ஒரு பை நிறைய வலையோடு.

படகில் ஆடிட்டர் ஈரத் துண்டோடு உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தான். பதினோரு நிமிஷம். நிமிஷத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் தொண்ணூறு பைசா. பஸ், ரூம் தனி. “இருபத்து நாலு மணி நேரம் பிளேன்ல போகாதீங்க சார், உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழாயிடும்” என்றார்கள். நாங்கள் வந்த பஸ் அவ்வளவு உயரம் போகாது என்று உறுதி கொடுத்தோம்.

வீட்டில் நைனா கால்நீட்டி உட்கார்ந்து விசாரித்தார்.

“தண்ணி எப்டி இருந்துது? வண்ணியா, தெண்டியா?” நீரோட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்கள். அதைப் பார்க்க எனக்கு அங்கே நேரமில்லை என்றேன். முதல் கேள்வியிலேயே பூஜ்யம்.

பாரைச் சொன்னேன். சந்து, பொந்து, திண்ணை, வெளியே நின்ற பெரிசு. தலையை மட்டும் ஆட்டினார்; நாற்பது வருஷப் படத்துக்கு டிக். தண்ணீருக்குள் எந்தப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்றேன். “அதான் தப்பிச்ச மீனெல்லாம் பெருசா கீது” என்றார். சங்கரா கறுப்பு என்றதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “போடா! நாப்பது வருசமா அறுக்கறேன், எனுக்குத் தெரியாதா?”

வலையைச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது.

“இன்னா கண்ணு?”

மெஷ் அளவை விரலில் காட்டினேன்.

“மீனு இருந்துச்சா?”

“எலும்பு. ஒரு நண்டு மட்டும் உசுரோட. வுட்டுட்டோம்.”

ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம வலை எங்கே, அந்த இடம் எங்கே. நூற்றைம்பது கிலோ மீட்டர் தள்ளி. அது இருவருக்கும் தெரியும்.

“ஈயம் இருந்துச்சா அதுல?”

“இருந்துச்சு.”

“கொண்டாந்தியா?”

“இல்ல நைனா.”

“ஈயம் கிலோ இன்னா வெல தெரியுமாடா உனுக்கு?” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் நான் டீக்குப் போகும்போது, படகுகளுக்குப் பக்கத்தில் நைனாவோடு நாலைந்து பெரிசுகள். நைனாவின் குரல்தான் மேலே கேட்டது. “அடி வரிக்கும் போய்ட்டு வந்துக்கீறான் எம்புள்ள. சங்கரா அங்க கறுப்புடா! லைட் அட்ச்சாத்தான் செவப்பு. உனுக்கு இன்னா தெரியும்?” எதிரே ஒருவர் காறித் துப்பி, அவன் யார் செலவில் போனான் என்று கேட்டார்.

“கம்பெனிக்காரனே கூட்டிகினு போனான்” என்றார் நைனா.